முதலில் எந்த வீட்டுக்கு

கூட்டாமல் குறைக்காமல் எல்லாவற்றையும் உண்மையாக எழுதப் போகிறேன். எனக்குப் பிடித்ததை மட்டும் அழகாக எழுதிவிட்டு மற்றதைச் சத்தமில்லாமல் விட்டுவிடுவது என் வழக்கம் என்று நீ ஒருமுறை சொன்னாய். இந்தக் கடிதத்தில் அப்படிச் செய்ய மாட்டேன்.

இன்று காலை எங்கள் விடுதி வாசலில் வேப்பிலை கட்டினார்கள். கீழ் வகுப்புப் பெண் ஒருத்திக்குத் தட்டம்மை. ஒடித்த கிளையின் கசப்பு வாசனை படிப்புக் கூடம் வரைக்கும் வந்தது. மற்ற பெண்கள் மூக்கைச் சுளித்துக்கொண்டு படித்தார்கள். நான் புத்தகத்தை மூடிவிட்டேன். அந்த வாசனைக்குள் நீ நின்றுகொண்டிருந்தாய். சாக்கை மடித்துத் தலைக்குப் போட்டிருந்தாய். உன் முழங்கால் வரைக்கும் சேறு.

விடுதி அம்மா கதவைப் பூட்டிவிட்டார். அந்தப் பெண்ணுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிற வரையில் யாரும் வெளியே போகக் கூடாது. விடுமுறை தள்ளிப் போயிற்று. அதுவரைக்கும் சுவரில் எப்போதும் ஒட்டியிருக்கும் கால அட்டவணைப்படியே நடக்க வேண்டும் என்றார். எழுவதற்கு மணி, குளிப்பதற்கு மணி, தையலுக்கு மணி. இந்தச் சேலத்தில் தலை சீவுவதற்குக்கூட மணி உண்டு. கம்பிக் கதவுக்கு வெளியே தெருவில் வண்டிகள் போகின்றன. நாங்கள் உள்ளே மணி அடிக்கும்போதெல்லாம் எழுந்து, மணி அடிக்கும்போதெல்லாம் உட்காருகிறோம்.

மாலையில் விடுதி அம்மா என்னைக் கூப்பிட்டார். "கதவு திறந்ததும் நீ எந்த வீட்டுக்குப் போகிறாய்? மலைமேல் உன்னை எதிர்கொண்டு அழைத்துப் போக யார் வர வேண்டும்? நாளைக் காலையில் சொல்லிவிடு. மிளகு வியாபாரி மலைக்குத் திரும்புகிறார், அவரிடமே தகவல் சொல்லி அனுப்பலாம்" என்றார். சாதாரணக் கேள்விதான். காலையில் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஏனென்றால் அதே வியாபாரி மத்தியானம்தான் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று என் அம்மா சொல்லி அனுப்பியதை ஒப்பித்திருந்தார்.

"நேரா ஊட்டுக்கு வரோணுமாம் கண்ணு. மொதல்ல அங்க போயிட்டு அப்புறமா இங்க வர்றதா இருந்தா, அங்கயே இருந்துக்கச் சொன்னாங்க. நான் சொல்லலீங்க சாமி, உங்கம்மா சொன்னது."

"கோவமாச் சொன்னாங்களாங்க?"

"அடுப்பு ஊதிக்கிட்டே சொன்னாங்க. பொகையில மூஞ்சி தெரியல."

'அங்கே' என்றால் உன் வீடு. நீ போன பிறகு ஒவ்வொரு விடுமுறைக்கும் அடிவாரத்திலிருந்து ஏறி, சோளக்காடு ஊரில் வழி பிரிகிற இடத்தில், நான் முதலில் உன் வீட்டுப் பக்கம்தான் திரும்புகிறேன். அங்கே ஓர் இரவு தங்கிய பிறகுதான் என் வீடு. யாரும் என்னிடம் இதைக் கேட்கவில்லை, நீயும் கேட்கவில்லை. நானே வைத்துக்கொண்ட வழக்கம் இது. இதற்கு இப்போது நாளைக் காலைக்குள் ஒரு முடிவு வேண்டும். எனக்கு யோசிக்கத் தெரியாதபோது நான் உன்னிடம்தான் வருவேன் என்பது உனக்குத் தெரியுமே.

*

நாலைந்து ஊரைச் சேர்த்து நாடு என்கிற நம் மலையில் நான் திருப்புலி நாட்டிலிருந்து வருவேன். நீ குண்டூர் நாட்டிலிருந்து வருவாய். நடுவில் ஓடைக்கரை மேட்டில் புல் வேய்ந்த ஒற்றைக் கூடம், அதுதான் நம் பள்ளிக்கூடம். பெண் பிள்ளைகளில் பெரியவர்கள் நாம் இருவர்தான். நான் எல்லாப் பாடத்தையும் படித்து முடித்துவிட்டுத்தான் சாப்பிடுவேன். நீ சாப்பிட்டு முடித்துவிட்டு எந்தப் பாடம் தேவை என்று கேட்பாய். என் பெயரை நீ ஒருநாளும் சொன்னதில்லை. "ஏ பொஸ்தகம்" என்றுதான் கூப்பிடுவாய்.

இன்ஸ்பெக்டர் வந்த நாள் நினைவிருக்கிறதா? வாத்தியார் நம் இருவருக்கும் வரிசையாக வேலை சொன்னார். தோரணம், கோலம், வரவேற்புப் பாட்டு, சுவரில் படம், வாய்ப்பாடு ஒப்பிக்கப் பிள்ளைகளைப் பழக்குவது. நான் விடியும்முன்பே வந்து ஒவ்வொன்றாகச் செய்துகொண்டிருந்தேன். நீ நிதானமாக வந்தாய். கூரையை அண்ணாந்து பார்த்தாய். பிறகு சின்னப் பிள்ளைகளை எழுப்பி எழுப்பி வேறு வேறு இடத்தில் உட்காரவைத்துக்கொண்டே இருந்தாய்.

"என்ன புள்ள பண்றே? வேலை அத்தனையும் கெடக்குது" என்று கத்தினேன்.

"மழை வருது. ஒழுகாத எடம் எதுன்னு பாக்கறேன்."

இன்ஸ்பெக்டரும் மழையும் ஒன்றாகத்தான் வந்தார்கள். என் தோரணம் கரைந்து சாயம் வாத்தியார் தலைப்பாகையில் சொட்டியது. கோலம் ஓடைக்குப் போயிற்று. பிள்ளைகள் மட்டும் துளி நனையாமல் உட்கார்ந்து வாய்ப்பாடு சொன்னார்கள். அதில் பாதி தப்பு. நனையாமல் தப்பாகச் சொன்னார்கள், அவ்வளவுதான். அவர் போன பிறகு வாத்தியார் தப்புகளுக்காக உன்னைத்தான் திட்டினார். நீ தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டு, திரும்பி என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாய்.

எனக்கு அன்றைக்கு உன்மேல் கோபம். உனக்குச் சோம்பல் என்றே நினைத்தேன்.

*

அந்த ஐப்பசியில் மழை விடவே இல்லை. வாத்தியார் காய்ச்சலோடு அடிவாரத்துக்கு இறங்கிப் போயிருந்தார். பெரிய பெண்களான நாம் இருவரும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். ஒருநாள் மத்தியானம் உன் ஊர்ப் பக்கமிருந்து உடுக்கைச் சத்தம் கேட்டது. நீ எழுதிக்கொண்டிருந்த கையை நிறுத்தினாய்.

உன் ஊருக்குப் பெரியம்மை வந்துவிட்டது. ஊரைக் கட்டிவிட்டார்கள். மலையில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை, ஆனால் இங்கே என்னோடு படிக்கும் பெண்களுக்குச் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்கள். ஊருக்குள் போகிற பாதையின் குறுக்கே வேப்பிலை செருகிய கயிற்றைக் கட்டுவார்கள். கட்டுகிற நேரத்தில் உள்ளே இருப்பவர் உள்ளேதான், வெளியே இருப்பவர் வெளியேதான். மூன்றாம் தண்ணீர் ஊற்றி மாரியாத்தாளை வழியனுப்பிய பிறகுதான் கயிறு அவிழும்.

அன்று பள்ளிக்கு வந்திருந்த உன் ஊர்ப் பிள்ளைகள் ஐந்து பேர் வெளியே நின்றுவிட்டார்கள். உன்னோடு ஆறு. மற்ற ஊர்ப் பிள்ளைகள் மழைக்குப் பயந்து அன்று வரவே இல்லை. நான் மட்டும் வந்திருந்தேன். எனக்குத்தான் பாடம் போய்விடுமே.

சாயங்காலம் என் அப்பா ஓடைக்கு அந்தக் கரையில் வந்து நின்றார். ஓடை ஆளை இழுக்கும் அளவுக்கு ஓடவில்லை. வந்திருக்க முடியும். அவர் வரவில்லை.

"கண்ணு, கோவிச்சுக்காதே. ஊர்ல கூடிப் பேசிட்டாங்க. அந்தப் புள்ளைங்களோட உக்காந்திருந்தவ, தண்ணி ஊத்தற வரைக்கும் அக்கட்டயே இருக்கட்டும்னுட்டாங்க."

"நீங்க என்னங்கப்பா சொன்னீங்க?"

"நான் சொல்றதுக்கு என்ன இருக்குது சாமி."

ராகி மாவு மூட்டையைப் பாறைமேல் வைத்துவிட்டுப் போனார். அவர் முதுகு மூடுபனிக்குள் மறைவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அதற்குப் பிறகு அந்தப் பனி ஒருநாளும் முழுசாக விலகவில்லை. ஒரு பக்கம் கயிறு, மறு பக்கம் ஓடை, மேலே காடு, கீழே சரிந்துபோன பாதை. நடுவில் பள்ளிக்கூடம் ஒரு கூடை கவிழ்த்த மாதிரி. உள்ளே நாம் ஏழு பேர். உடுக்கைச் சத்தம் மட்டும் எங்கே போய் நின்றாலும் கேட்டது. சோறு உண்ணும்போது கேட்டது, காதைப் பொத்தினால் நெஞ்சுக்குள் கேட்டது.

மறுநாள் காலையில் நான் ஒரு காரியம் செய்தேன். எனக்குத் தெரிந்தது அதுதான். சாக்கட்டியை எடுத்துக் கரும்பலகை முழுவதும் கால அட்டவணை எழுதினேன். காலை வணக்கம், வாய்ப்பாடு, தண்ணீர் எடுத்தல், விறகு பொறுக்குதல், கூழ் காய்ச்சுதல், கூரை அடைத்தல், துணி உலர்த்தல், கதை சொல்லுதல், படுக்கை. ஒவ்வொன்றுக்கும் எதிரே மணியும் போட்டேன்.

நீ பின்னால் வந்து நின்று படித்தாய்.

"இத்தனையும் யாரு பண்றது?"

"நாமதான்."

"எப்ப?"

"அதான் மணி போட்டிருக்கேனே."

"மணி எங்க இருக்குது?"

கடிகாரம் வாத்தியார் சட்டைப்பையில் அடிவாரத்தில் இருந்தது. சின்னவள் பாவாயி, உன் சித்தப்பன் மகள், முன்பல் விழுந்த ஓட்டை வழியே சிரித்தாள். அவள் சிரித்ததும் மற்றவர்களும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது.

நீ சிரிக்கவில்லை. பலகைக்குக் கிட்டே போய் ஒவ்வொரு வரியாகத் தொட்டாய். "அழுவாதே புள்ள. நல்லாத்தான் எழுதியிருக்கறே. ஒண்ணு மட்டும் சொல்லு. இதுல எது உட்டுப்போனா புள்ளைங்க செத்துப்போகும்?"

இப்படி ஒரு கேள்வியை எந்த வாத்தியாரும் என்னிடம் கேட்டதில்லை. நான் மறுபடி முதலிலிருந்து படித்தேன். தண்ணீருக்கு ஓடை இருந்தது. மாவு இருந்தது. ஆனால் பிள்ளைகளின் துணி நனைந்து, உதடு நீலமாகியிருந்தது. யுத்த காலம், தீப்பெட்டி கிடைப்பதே அரிது. பள்ளியில் இருந்த ஒரே பெட்டியும் நமுத்துக் குச்சியின் மருந்து கையில் ஒட்டியது. மூலையில் முந்தின நாள் மூட்டிய கணப்பு மட்டும் சாம்பலுக்குள் கொஞ்சம் சிவந்திருந்தது.

"தீ" என்றேன்.

"அப்ப அதை வெச்சுக்கிட்டு மத்ததைத் தொடை."

நான் துடைக்கவில்லை. எனக்கு மனசு வரவில்லை. நீயே முழங்கையால் துடைத்துவிட்டு, 'தீ' என்று பெரிதாக எழுதினாய். அந்த ஒற்றை எழுத்தை நீ கோணலாக எழுதினாய் என்பதையும் உண்மைக்காக இங்கே சொல்ல வேண்டும்.

அன்று முழுவதும் ஏழு பேரும் ஒரே வேலைதான் செய்தோம். ஈர விறகைக் கணப்பைச் சுற்றி அடுக்கி உலர்த்தினோம். உலர்ந்ததை உள்ளே தள்ளி, மறுபடி ஈரத்தை அடுக்கினோம். நெருப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்ததால் துணி தானாகவே உலர்ந்தது. கூழும் கொதித்தது. சும்மா உட்கார்ந்திருந்த பிள்ளைகள் தாங்களாகவே வாய்ப்பாடு சொன்னார்கள். என் அட்டவணையில் இருந்தவை பாதிக்கு மேல் ஆகிவிட்டன. நீ என்னைப் பார்த்தாய், ஆனால் குத்திக்காட்டவில்லை. குத்திக்காட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஒவ்வொரு காலையும் பலகையைத் துடைப்பாய். முந்தின நாள் எழுதியதை அப்படியே விட்டுவைக்க மாட்டாய். ஒருநாள் 'கூரை' என்று எழுதினாய். ஒருநாள் 'பாவாயி' என்று எழுதினாய். அவள் இரண்டு வேளையாகச் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள். அன்று நம் எல்லாருக்கும் வேலை அவளைச் சிரிக்கவைப்பது மட்டும்தான். நான் வாத்தியாரைப்போல நடந்து காட்டினேன். தலைப்பாகையில் சாயம் சொட்டியதைக்கூட நடித்தேன். சாயங்காலம் அவள் சிரித்தாள், பிறகு இரண்டு கிண்ணம் கூழ் குடித்தாள். நீ சுவரில் சாய்ந்து, "முடிஞ்சுது. இன்னிக்கு வேலை முடிஞ்சுது" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டாய்.

உன் அம்மாவைப் பற்றி நீ பேசவே இல்லை. உன் அப்பா இல்லை, கூடப் பிறந்தவர் இல்லை, அந்த வீட்டில் நீங்கள் இருவர்தான். உடுக்கைச் சத்தம் பலமாகக் கேட்கும்போதெல்லாம் நீ விறகை எண்ணுகிற மாதிரி பாவனை செய்வாய். அதை நான் கவனித்தேன். கவனித்தும் கேட்கவில்லை.

*

உன் ஊரில் செய்தி சொல்லுகிற பெரியவர் கயிற்றுக்கு உள்பக்கம் வந்து குரல் கொடுப்பார். நாம் இந்தப் பக்கம் எட்டி நின்று கேட்போம். அன்று காலையில் அவர் வழக்கம்போல எல்லாப் பிள்ளைகளின் பெயரையும் கேட்கவில்லை. உன்னை மட்டும் கூப்பிட்டார்.

"கண்ணு, உன்ற அம்மாளுக்கு முத்துப் போட்டிருக்குது."

"எப்பங்க?"

"முந்தாநேத்து."

"யாருங்க பாத்துக்கறாங்க?"

"அக்கம்பக்கத்துல கஞ்சி கொண்டாந்து வாசப்படியில வெக்கறாங்க."

"வாசப்படியில வெச்சா, உள்ள யாருங்க எடுத்துக் கொடுக்கறாங்க?"

பெரியவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். "உள்ள போறதுக்கு உங்கூட்டுல யாரு இருக்கறாங்க சாமி?"

மாரியாத்தாள் இறங்கின வீட்டுக்குள் அந்த வீட்டு ஆளைத் தவிர வேறு யாரும் காலெடுத்து வைக்கக் கூடாது. வீட்டு ஆள் வெளியே இருந்தால், அவருக்கு மட்டும் கயிற்றைத் தூக்கிவிடுவார்கள். உள்ளே போனவர் திரும்ப வெளியே வர முடியாது. இது எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். நீ சரிங்க என்று மட்டும் சொன்னாய்.

பள்ளிக்குள் வந்து பலகையைத் துடைத்தாய். சாக்கட்டியை எடுத்தாய். ஒன்றும் எழுதாமல் என் கையில் கொடுத்தாய்.

நான் சட்டைக் கையைத் தூக்கி என் தோளைக் காட்டினேன். அம்மை குத்துகிறவர் மலையேறி வந்தபோது உன் ஊரே மிளகுத் தோட்டத்துக்குள் போய் ஒளிந்துகொண்டது. நீயும் மரத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாய். நான் புத்தகத்தில் மூழ்கியிருந்ததால் அவர் வந்ததே தெரியாமல் மாட்டிக்கொண்டேன். என் தோளில் தழும்பு இருந்தது. உனக்கு இல்லை.

"எனக்குக் குத்தியிருக்குது. நான் போறேன். எனக்கு வராது."

"நீ எந்தூட்டுக்காரி? உன்னைக் கயித்தைத் தாண்ட உடுவாங்களா?"

"சொல்லிப் பாக்கலாம்."

"சொல்லிப் பாக்கறதுக்குள்ள பொழுது போயிரும் புள்ள. அம்மா தண்ணி குடிச்சு எத்தனை நேரமாச்சோ."

"அப்ப இந்த அஞ்சு பேரு?"

"நீ இருக்கறே."

"எனக்கு உன்னை மாதிரி வராது."

"என்னை மாதிரி எதுக்கு வரோணும்? காத்தால எந்திரிச்சதும் இன்னிக்கு என்ன எழுதறதுன்னு யோசி. அவ்வளவுதான்."

நான் உன் கையைப் பிடித்துக்கொண்டேன். மெதுவாகப் பிடிக்கவில்லை, நகம் பதியப் பிடித்தேன். போனால் செத்துப்போவாய் என்று சொன்னேன். பிள்ளைகள் கேட்கும்படியாகவே சொன்னேன். நீ கோபப்படுவாய் என்று நினைத்தேன். கோபப்பட்டாலாவது நின்று சண்டை போடுவாய்.

"இங்க நாம ரெண்டு பேரு இருக்கறோம். அங்க நான் ஒருத்திதான். இதுல யோசிக்கறதுக்கு ஒண்ணும் இல்ல." பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "உன்ற அம்மாளா இருந்தா நீ நின்னுக்கிட்டிருப்பியா?" என்றாய்.

என் பிடி தளர்ந்தது. ஒவ்வொரு விரலாக நீ எடுத்துவிட்டாய்.

பெரியவர் கயிற்றைத் தூக்கிப் பிடித்தார். நீ குனிந்தாய். வேப்பிலையின் ஈரம் உன் தலையில் கொட்டியது. அந்தப் பக்கம் நிமிர்ந்து நின்று, ஏதோ முக்கியமானதை மறந்துவிட்டவள்போலத் திரும்பினாய். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டு காதைக் கொடுத்தேன்.

"பாவாயிக்கு மூக்குச் சிந்தி உடு. அவளுக்குத் தானாச் சிந்தத் தெரியாது" என்றாய்.

நீ என்னிடம் கடைசியாகச் சொன்னது அதுதான்.

*

நீ போன பிறகு ஒவ்வொரு காலையும் நான்தான் எழுதினேன். முதல் நாள் எனக்கு உன் பெயரைத் தவிர வேறெதுவும் தோன்றவில்லை. ஆனால் உனக்காக நான் செய்யக்கூடியது அன்று ஒன்றுமே இல்லை. சாக்கட்டி கையில் கரையும்வரை நின்றேன். பிறகு 'விறகு' என்று எழுதினேன். பாவாயிக்கு மூக்கைச் சிந்திவிட்டேன். இப்படியே அந்த நாட்கள் போயின. உடுக்கை நின்றது. கயிறு அவிழ்ந்தது. ஐந்து பிள்ளைகளையும் அவரவர் அம்மாக்கள் ஓடிவந்து தூக்கிக்கொண்டு போனார்கள். ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை.

உன் அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டார் என்று பெரியவர் சொன்னார். நான் சந்தோஷத்தில் உன்னைப் பற்றிக் கேட்டேன். உன்னை அதற்கு முன்பே ஊர் எல்லையில் அடக்கம் செய்திருந்தார்கள். கயிறு கட்டியிருந்ததால் வெளியே யாருக்கும் சொல்லி அனுப்பவில்லை. நான் 'கூரை' என்றோ 'மாவு' என்றோ எழுதிக்கொண்டிருந்த ஏதோ ஒரு காலையில் அது நடந்திருக்கிறது. எந்தக் காலை என்று இன்றும் எனக்குத் தெரியாது.

உன் அம்மாவைப் பார்க்கப் போனேன். முகமெல்லாம் தழும்பு. என்னைப் பார்த்ததும், "நீ பொஸ்தகம் படிச்சவதானே! கட்டிப் புடிச்சு நிறுத்தியிருக்கக் கூடாதா? நான் என்ன, இன்னைக்கோ நாளைக்கோ போறவ. எனக்கு எதுக்கு அவ?" என்று கத்தினார். பிடித்தேன் அத்தை என்று நான் சொல்லவில்லை. உன் கையில் என் நகம் பட்ட தழும்பு இருந்திருக்குமே, அதை அவர் பார்த்திருப்பார். அவர் கத்தி முடித்த பிறகு, குடத்தை எடுத்துக்கொண்டு போய்த் தண்ணீர் கொண்டுவந்தேன்.

உனக்கு எது முக்கியமோ அதை நீ செய்தாய். அவருக்கு எது முக்கியமோ அது இல்லாமல் போயிற்று. உனக்கு அவர், அவருக்கு நீ. இரண்டும் சேர்ந்து நடக்கிற வழி அந்த வீட்டில் இருக்கவில்லை. எத்தனை தடவை யோசித்தாலும் நான் இந்த இடத்தில் வந்து முட்டிக்கொள்கிறேன். கதவு இல்லாத சுவர் இது.

அதனால்தான் விடுமுறைக்கு முதலில் அங்கே போகிறேன். அவர் என்னை வா என்று சொல்வதில்லை. சாமை புடைக்கக் கொடுப்பார், நான் புடைப்பது சரியில்லை என்பார். "கல்லையும் சேத்துத்தான் தின்னோணும் போல இருக்குது" என்று முறத்தைப் பிடுங்கிக்கொள்வார். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. காலையில் நான் கிளம்பும்போது எழுந்து வெளியே வர மாட்டார். என் அம்மாவிடம் போனால் அங்கே வேறு பாட்டு. "பெத்தவ ஊடு உனக்கு ரெண்டாவது ஊடு. நான் விருந்துக்கு வந்த ஒறம்பரை மாதிரி வாசல்ல நிக்கோணும்" என்பார். நான் படிக்கப் போனதற்கு அம்மா தன் கழுத்தில் இருந்ததை விற்றதும், நான் வருகிற நாளில் விடிந்ததிலிருந்து பாதையைப் பார்த்துக்கொண்டு நிற்பதும் எனக்குத் தெரியாததல்ல.

போன விடுமுறையில் உன் அம்மா முதல்முறையாக என்னை உட்காரச் சொன்னார். முறத்தைக் கீழே வைத்தார்.

"எதுக்குக் கண்ணு மொதல்ல இங்க வர்றே?"

"உங்களுக்கு ஆளில்லைங்களே அத்தை."

"அவ சொல்லிக் கொடுத்தாளா?"

"இல்லீங்க. நானாத்தான்."

முறத்தில் கிடந்த கல் ஒன்றைப் பொறுக்கி எறிந்தார். பிறகு சொன்னார்: "நான் கண்ணு தொறந்தப்ப அவ மூஞ்சியத்தான் பாத்தேன். வாயில தண்ணி ஊத்திக்கிட்டு, ஒழுங்காக் குடிங்கம்மான்னு வைதுட்டிருந்தா. சண்டைக்காரி." அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை, பல் வரிசை உன்னுடையது. "அவளுக்கு அம்மா நான். அவ என்றகிட்ட வந்தா. நீ உன்ற அம்மாகிட்டப் போ. வழி பாத்துக்கிட்டு நிக்கறவ இருக்கறப்பப் போயிரு. எனக்கு மறுநாள் வந்தாப் போதும். நான் எங்க போயிரப் போறேன்?"

*

இப்போது என் நிலைமை உனக்குப் புரிகிறதா? ஆளில்லாத இடத்துக்கு முதலில் போவாய் நீ. அந்தக் கணக்குப்படி நான் உன் வீட்டுக்குத்தான் போக வேண்டும். என் அம்மாவுக்கு அப்பா இருக்கிறார், தம்பி இருக்கிறான். ஆனால் அதே கணக்கைப் போட்ட வீட்டிலிருந்தே எனக்கு வேறு பதில் வந்திருக்கிறது. மூன்று பெண்கள் என்னை மூன்று பக்கம் இழுக்கிறீர்கள், அதில் ஒருத்தி உயிரோடு இல்லை. விடுதிக் கதவு பூட்டியிருப்பது எனக்கு ஒருவகையில் வசதியாகவே இருக்கிறது என்று மத்தியானம் நினைத்தேன். அடைபட்டுக் கிடந்தால் எந்தப் பக்கமும் திரும்ப வேண்டியதில்லையே. இதையும் எழுதிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ஆனால் எழுதிக்கொண்டே வரும்போது ஒன்று தட்டுப்பட்டது. நீ எந்த நாளும் முந்தின நாள் எழுதியதை விட்டுவைக்கவில்லை. தீ என்று எழுதியது அன்றைக்குத் தீ போகிற நிலையில் இருந்ததால். உன் அம்மாவிடம் போனது அன்றைக்கு அங்கே தண்ணீர் கொடுக்க ஆள் இல்லாததால். நான் உன்னிடமிருந்து வரிசையை மட்டும் எடுத்துக்கொண்டேன். முதலில் உன் வீடு, பிறகு என் வீடு என்று ஒருமுறை எழுதினேன், அதைத் துடைத்துப் பார்க்கவே இல்லை. துடைத்தால் உன்னையே துடைத்துவிடுவதாகப் பயந்தேன். உன் அம்மா இப்போது சாமை புடைக்கிறார், சிரிக்கிறார், தானே தண்ணீர் எடுக்கிறார். பாவாயி தினமும் போய் அவர் பக்கத்தில் படுத்துக்கொள்கிறாளாம், வியாபாரிதான் சொன்னார். புகையில் முகம் தெரியாமல் இருப்பது என் அம்மாதான்.

இங்கே எல்லாரும் என்னைப் பொறுப்பான பெண் என்கிறார்கள். அட்டவணைப்படி எல்லாம் செய்கிறேனாம். ஒவ்வொரு காலையும் அந்த அட்டவணையைப் படிக்கும்முன் நான் கேட்டுக்கொள்கிற கேள்வி ஒன்று உண்டு என்பது அவர்களுக்குத் தெரியாது. இன்றைக்கு நான் போகாவிட்டால் வேறு யாரும் போக மாட்டார்கள், அது எந்த இடம்? பல நாள் பதில் ஒன்றுமே வராது, வெறும் தையலும் கணக்கும்தான். ஆனாலும் கேட்காமல் பல் துலக்குவதில்லை. அதை எடுத்துக்கொண்டுதான் நான் மலையிலிருந்து இறங்கினேன்.

உன்னிடம் சொல்ல வேண்டியது உண்மையில் ஒரே ஒரு வரிதான். நீயாக இருந்திருந்தால் அதை முதலில் எழுதியிருப்பாய். நான் இத்தனை பக்கம் தாண்டிக் கடைசிக்குக் கொண்டுவந்திருக்கிறேன். இந்தப் புத்தி எனக்கு இன்னும் போகவில்லை. நாளைக் காலையில் விடுதி அம்மாவிடம் சொல்லப் போகிறேன்: சோளக்காட்டுக்கு என் அம்மாவை வரச் சொல்லுங்கள். இந்த முறை நான் முதலில் என் வீட்டுக்குப் போகிறேன். உன் வீட்டுக்கு மறுநாள் வருவேன். கோபப்படாதே, இல்லை, கோபப்பட்டாலும் பரவாயில்லை, ஒருமுறை என்னை "ஏ பொஸ்தகம்" என்று

விளக்கை அணைத்துவிட்டார்கள்.